என் தாயாரை இயந்திரம் என்று துறை முடிவு செய்தது குறித்து

அனுப்புநர்:
சமூகவியல் முதுகலை இரண்டாமாண்டு மாணவன்,
கடைசி பெஞ்சு.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆய்வேடு நிராகரிப்பு, என் தாயார் செயற்கை நுண்ணறிவு என்ற முடிவை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனைச் சலவைக்கூடத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வேடு சமர்ப்பித்தேன். என் தாயாரும் அங்கேதான் வேலை செய்கிறார். மூன்றாம் இயல் முழுக்க அவரது பேட்டி. துறையின் மென்பொருள் அந்த இயலை மட்டும் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று சிவப்பில் காட்டிவிட்டது. நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதன் கடைசி வரி: "இதை இன்னும் கனிவான தொனியில் மாற்றித் தரட்டுமா?" கடிதத்தை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை.

2. பேட்டியின் ஒலிப்பதிவைக் கொடுத்தேன். குரலையும் இப்போது செயற்கையாகச் செய்துவிடலாம் என்றார் துறைத்தலைவர். ஆளையே கூட்டி வருகிறேன் என்றேன். தாயார் பாதி ஷிப்டில் கெஞ்சி அனுமதி வாங்கி, கை ஈரம் காயாமல் வந்தார்.

3. "நீங்க சொன்னதுதானாம்மா இது?" என்று துறைத்தலைவர் கேட்டார். "வேற யாரு சொல்வா? ரத்தக்கறைத் துணிய நீங்களா சார் அலசுனீங்க?" என்றார் தாயார். அலுவலக உதவியாளர் அதை அப்படியே தட்டச்சு செய்து மென்பொருளில் போட்டார். செயற்கை நுண்ணறிவு என்றே வந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, கொஞ்சம் இயல்பா" என்றார் துறைத்தலைவர். "பெத்ததுக்கு இவனே அத்தாட்சி கேக்கல, நீங்க கேக்குறீங்க. நல்லா இருங்க." அதற்கும் அதே முடிவு. எதிரே உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டு எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா தண்ணி குடிச்சாங்க சார், நானே பாத்தேன்" என்று உதவியாளர் மட்டும் சாட்சி சொன்னார். விதியில் அதற்கு இடமில்லையாம்.

4. இல்லாத தொழிலாளர்களை இயந்திரத்திடம் கேட்டு வாங்கிப் பேட்டி கண்ட என் வகுப்புத் தோழன் தேறிவிட்டான். "கொஞ்சம் மக்கு மாதிரி எழுதுன்னு அதுகிட்டயே சொல்லிடணும்டா" என்று எனக்கும் வழி சொன்னான். அவனைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமல்ல. மூன்றாம் இயலை நீக்கினால் ஏட்டை ஏற்பதாகத் துறைத்தலைவர் சொல்கிறார். நாளை வாய்மொழித் தேர்வு. பட்டம் போனால் நானும் அதே சலவைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். இருந்தும் நீக்க மாட்டேன். கூலி வேலை செய்யும் பெண் தெளிவாகப் பேசினால் அது இயந்திரமாகத்தான் இருக்கும் என்று நம்புவது மென்பொருளின் கோளாறு மட்டுமல்ல, ஐயா.

5. ஆகவே, மூன்றாம் இயலோடு சேர்த்தே என் ஆய்வேட்டை ஏற்று, நாளைய தேர்வுக்கு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லை, என் தாயார் இயந்திரம்தான் என்று தாங்களும் கருதினால், அதை முத்திரையிட்டு எழுத்தில் தந்து உதவுங்கள். சலவைக்கூட ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். அங்கே இயந்திரங்களை வாரம் ஒருநாள் நிறுத்தி எண்ணெய் போடுகிறார்கள். தாயாருக்கு அந்த ஒருநாள் இதுவரை கிடைத்ததில்லை.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள்

பதில் வாங்காமல் நகராத,
(ஒப்பம்)
மூன்றாம் இயலில் பேசியவரின் மகன்