யன்னலில் இருந்த வெறும் சப்பாத்து

கொட்டாஞ்சேனை,
04.03.2026

அன்பு மகள் டில்ஷானிக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் சயந்தனும் பேத்தி சாருஜாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். அப்பாவின் கால்வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, பொரளையில் டொக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். தண்ணீர் மோட்டர் திரும்பவும் பழுது, வாளியில்தான் மேலே தூக்குகிறோம். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று நினைப்பாய். போனில் தம்பியின் பெயரை எடுத்தவுடன் அடுப்பில் கறி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் பாதியில் நிறுத்தினாலும் பிறகு எடுத்து வாசிப்பாய்.

சயந்தன் போன ஞாயிறு போன் எடுத்தார். உன்னைக் குறை சொல்ல எடுக்கவில்லை, இனி என்ன செய்வதென்று தெரியவில்லை என்றுதான் தொடங்கினார். ஐஸ்லாந்து ஆக்கள் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கொண்டாட்டம் வைத்துத்தான் அந்த இருட்டைத் தாண்டுகிறார்களாம், உங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் வரக்கூடாது என்று நீ சொல்லிவிட்டாயாம். யூன் பதினேழு அவர்களுடைய தேசிய நாள், ஊரே கொடி பிடித்துப் போகப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றதாம். செப்டெம்பரில் மலையிலே மேயவிட்ட ஆடுகளை எல்லோரும் சேர்ந்து இறக்கிப் பட்டியில் பிரிக்கிற நாளுக்குப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் போக நீ இவளை விடவில்லையாம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நத்தார்க் கதையைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பாலன் பிறக்கிற நத்தாருக்கு முன் பதின்மூன்று இரவும் ஒவ்வொரு குறும்புக்காரனாக மலையிலிருந்து இறங்கி வந்து, யன்னலில் பிள்ளைகள் காலிலிருந்து கழற்றி வைத்த சப்பாத்துக்குள் ஏதாவது போட்டுவிட்டுப் போவானாம், கூடாத பிள்ளைக்கு உருளைக்கிழங்கு. இவளும் பள்ளியில் கேட்டு வந்து வைத்திருக்கிறாள். சயந்தனுக்கு மீன் தொழிற்சாலையில் இரவு வேலை, நீ ஏதாவது போடுவாய் என்று அவர் நினைத்திருக்கிறார். நீ போடவில்லை. சப்பாத்து ஊத்தையாக இருப்பதால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் பிள்ளை அதைத் துடைத்து வைத்ததாம். பிறகு ஒருநாள், உருளைக்கிழங்குகூடக் கிடைக்காத பிள்ளை என்ன பிழை செய்திருக்கும் என்று ரீச்சரிடம் கேட்டிருக்கிறாள். புதுவருஷ வெடிக்குப் பயந்து நீ அவளையும் இழுத்துக்கொண்டு குளியலறையைப் பூட்டியதையும் சொன்னார், அதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன். வெடிச்சத்தம் கேட்டால் நானும் கதவைப் பூட்டிக்கொள்வேன்.

விபூதிப் புதன் நாங்கள் நெற்றியில் சாம்பல் பூசி, ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிற நாள், அங்கே பிள்ளைகள் வேடம் போட்டுக் கடைகடையாகப் பாடி இனிப்பு வாங்குகிற நாளாம். கேட்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. நீ அவளைப் பள்ளிக்கு விடவில்லை. நீ குளிக்கப் போன நேரம் தகப்பனின் வேலைத் தொப்பியைப் போட்டு, உன் கண்மைப் பென்சிலால் மீசை கீறிக்கொண்டு, கீழே பாண் சுட்டு விற்கிற கடைக்கு இறங்கிப் போய்த் தனியாக நின்று பாடியிருக்கிறாள். கடைக்காரி ஒரு பை இனிப்பு கொடுத்து, கோட் இல்லாமல் வந்த பிள்ளையென்று தானே மேலே கூட்டிவந்து விட்டிருக்கிறாள். அந்த மனுசிக்கு முன்னாலேயே நீ பையைப் பறித்துக் குப்பையில் போட்டுப் பிள்ளையின் கன்னத்தில் அடித்தாயாம். ஐந்து வயதுப் பிள்ளை, டில்ஷானி. தகப்பன் வந்தபோது அவள் அழவில்லையாம். 'அப்பா, நாங்கள் கூடாத ஆக்களா?' என்று மட்டும் கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டுச் சயந்தன், 'மாமி, நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறை வீட்டுக்குப் போகப்போறன், எனக்கு வேறை வழி தெரியேல்லை' என்றார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுங்கோ என்று கெஞ்சினேன். கடைசியில் ஓம் என்றார். உனக்கு இருக்கிற தவணை அவ்வளவுதான்.

நீ ஏன் இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு உன் தம்பி கொன்ஸ்ரன்ரைன் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போவதாகத்தான் இருந்தவன். முதல்நாள் நீ நுகேகொடையில் மாமி வீட்டிலிருந்து போன் எடுத்து, சயந்தனிடம் போக விசா இழுபடுகிறது, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து என்று கேட்டாய். நானும் அவனோடு போனேன். கொளுத்திவிட்டு என்னிடம் வந்தான். 'அக்கான்ரை மெழுகுதிரி கொளுத்தியாச்சு, இனி அவ சூட்கேசைக் கட்டட்டும்' என்று சொல்லி, கதவருகில் காற்று வருகிற இடத்தில் என்னை இருத்திவிட்டு முன்னுக்குப் போனான். பிறகு கோயிலுக்குள் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். சேர்ட்டை வைத்துத்தான் நான் அவனை அடையாளம் காட்டினேன். சில மாதத்தில் உனக்கு விசா வந்தது.

நீ கேட்காவிட்டாலும் அவன் அங்கேதான் போயிருப்பான் என்று ஆக்கள் உனக்குச் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவன் உனக்காகத்தான் போனான். இல்லையென்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனால் நீ கேட்டது ஒரு மெழுகுதிரி, அவன் கொளுத்தியதும் ஒரு மெழுகுதிரி. குண்டைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தவன் வேறு ஒருவன். அவனுடைய பாவத்தை நீ உன்னுடையதென்று தூக்கிக்கொண்டு அந்த நாடுவரை போய், இப்போது பிள்ளையின் தலையிலும் வைக்கிறாய். அவள் என்ன செய்தாள்?

உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, எனக்கே ஆறவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். இனி ஒருதடவையும் பிள்ளைக்குக் கை நீட்டாதே. மனதில் உள்ளதைக் கதைக்க அங்கே டொக்டர்மார் இருக்கிறார்களாம், வெட்கப்படாமல் சயந்தனோடு போ. ஏப்ரல் ஐந்து உயிர்த்த ஞாயிறு, அங்கே பிள்ளைகளுக்குப் பெரிய சொக்லட் முட்டை கொடுப்பார்களாம், ஒன்று வாங்கி உன் கையாலேயே கொடு. முகத்தில் சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. ஏப்ரல் இருபத்தொன்று கொன்ஸ்ரன்ரைனின் நாள். அன்றைக்கு எனக்கு எடு, இரண்டு பேரும் அழுவோம், நீ வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன். அதே கிழமையில் அங்கே கோடைக்கு முதல்நாள் என்று பனிக்குள்ளும் ஊர்வலம் போவார்களாம், அதற்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. அழ ஒரு நாளை வைத்துக்கொள் மகள், மற்ற நாட்களைப் பிள்ளைக்குக் கொடு.

தேவமாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மீனெண்ணெய்க் குளிசையை எல்லோரும் மறக்காமல் போடுங்கள், வெயில் இல்லாத நாடு. உயிர்த்த ஞாயிறு அன்று நான் எடுப்பேன், போனை முதலில் சாருஜாவிடம் கொடு. குண்டு வெடித்ததிலிருந்து அம்மம்மாவுக்கு ஒரு காது கேட்காது என்று அவளுக்குத் தெரியாது, சத்தமாகக் கதைக்கச் சொல்லு.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா