உத்தரத்தில் தட்டும் வண்டு

ஏமஸ், டாக்டரைக் கூட்டிவரப் போகிறேன். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி இருக்கிறது, அப்பாவுக்குக் கொடு.

மரத்துக்குள் சாவு வண்டு தட்டினால் அங்கே படுத்திருப்பவருக்குச் சாவு வரும், அதைக் கொன்றால் விலகும் என்று பக்கத்து வீட்டு மார்ஜரி சொன்னாளென்று, அப்பா அறை உத்தரத்தில் கொதிநீரை ஊற்றினாயே. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது தட்டுற வரைக்கும் எனக்கு நாள் இருந்துச்சும்மா. நிறுத்திட்டீங்களே." கஞ்சியைத் தொடவில்லை. கதவுக்கு வெளியே நின்று நானே வண்டு மாதிரி நகத்தால் தட்டினேன். அப்புறம்தான் இரண்டு வாய் குடித்தார். நீயும் தட்டு. சண்டையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அக்கா ஹெஸ்டர்

இன்னொன்று. கிளம்பும்போது மறுபடி தட்டினேன். பதிலுக்கு ஏதோ தட்டியது. சத்தம் அப்பா அறையிலிருந்து வரவில்லை, உன் கட்டில் தலைமாட்டிலிருந்து. இன்று என் அறையில் படுத்துக்கொள், தம்பி.