சொபோட்டாவின் பயணப் பை

கோல்டன்பெக்,
நவம்பர் 12

அன்புள்ள ஆங்கேவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைக் கழித்துவிட்டால் நான் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

போன சனிக்கிழமை நம் கால்பந்து மைதானத்தின் கிழக்குக் கேலரிக்கு அப்பா பெயரை வைத்தார்கள். நான் அவரை அழைத்துப் போயிருக்கக் கூடாது, பெருமை கண்ணை மறைத்துவிட்டது. சாம்பல் கோட்டைப் போட்டு, தலையைச் சீவிவிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தேன். மைக்கில் ஆட்டக்காரரின் முதல் பெயரைச் சொன்னால் கூட்டம் குடும்பப் பெயரைக் கத்துமே, சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து நீயும் கத்தியிருக்கிறாய். லோத்தார் என்றார்கள், நாலாயிரம் பேர் சொபோட்டா என்றார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சொபோட்டா என்று கத்தினார். கத்திவிட்டு, கைதட்டிக்கொண்டே, யார் எழுந்து வரப்போகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நான் முழங்கையைப் பிடித்து மைதானத்துக்குள் நடத்திக் கூட்டிப்போனேன்.

கயிற்றில் தொங்கும் பந்தை ஒரு நாளைக்கு நூறு தடவை தலையால் முட்டுவாரே, மழையில் ஊறிக் கல்லாய்க் கனத்த பந்து, இந்த மறதிக்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர், அடித்துச் சொல்ல முடியாதாம். இருநூற்றுப் பதினோரு கோலில் பாதிக்கு மேல் தலையால் போட்டது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது, நானும்தான்.

கேலரியில் மாட்டிய பெயர்ப் பலகையில், பெரிய கிளப் கூப்பிட்டும் நம்மை விட்டுப் போகாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். தெற்கிலிருந்து அந்தப் பெரிய கிளப்பின் ஆள் ஒப்பந்தத்தோடு வந்து நம் அடுக்களையில் உருளைக்கிழங்கு சூப் குடித்தார். அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். பக்கத்து அறையில் உன் தாத்தா சுரங்கத்து நிலக்கரித் தூசியை இருமிக்கொண்டு கிடந்தார். நீ வேணும்னா போ, நானும் குழந்தையும் வரமாட்டோம் என்று சொன்னவள் நான்தான். அவர் பேனாவை மூடிவிட்டார். நம் கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் கூடவே இறங்கினார், என்னை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது தினமும் காலையில் பூட்ஸை மாட்டி, பயணப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். என்னை, அந்தக் காலத்தில் கிளப்பில் துணி துவைத்த லெப்கே அக்கா என்று நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மெதுவாக என் காதருகில் வந்து, "அக்கா, தெற்கே போறேன், கையெழுத்துப் போட்டாச்சு, எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். போங்க தம்பி, அவ ஒண்ணும் சொல்லமாட்டா என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "உங்களுக்கு அவளைத் தெரியாதுக்கா" என்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வா, பத்து நாள் அப்பா பக்கத்தில் உட்கார், அவருக்கு உன்னைத் தெரியாவிட்டால் என் எதிரில் அழாதே. பிறகு திரும்பிப் போ. நான் அழுதாலும் போ. இந்த வீட்டில் ஒருவரை நிறுத்தி வைத்தது போதும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடு, மறக்காதே.

உன் அம்மா,
இர்ம்கார்ட் சொபோட்டா