தோலுக்கடியில் துடித்த தமனி

ஆனி 12, வியாழன்

டெய்லர் செல்விக்குக் காலையில முழங்கை மடிப்பில் ஊசி போட்டேன். நரம்புன்னுதான் நினைச்சேன். மருந்து இறங்கும்போதே, "சிஸ்டர், விரலெல்லாம் எரியுது!"னு கத்தினா. ஊசியை எடுத்துட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்த இடம் துடிச்சது. விரல் வெளுத்துப்போச்சு.

"சிலருக்குத் தமனி தோலுக்கடியிலயே ஓடும். உன் தப்பில்லம்மா. ஆனா கேஸ் ஷீட்டுல எழுதாத"ன்னார் டாக்டர். வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமான்னு கேட்டேன். "நாளைக்குப் பார்க்கலாம்."

சாயந்திரம் ரெண்டு விரல் கறுத்திருந்தது. வலது கை. அவ புருஷனைத் தனியாக் கூப்பிட்டேன். "மருந்து நரம்புல போகாம, விரலுக்கு ரத்தம் கொண்டுபோற தமனியில போயிடுச்சுங்க. காத்திருக்காதீங்க, இப்பவே வேலூர் கூட்டிட்டுப் போங்க."

"ஊசி போட்டது யாரு?"

"நான்தாங்க."

என் நம்பரை வாங்கிட்டு அவளை ஆட்டோவில் ஏத்தினார்.

இப்ப கவுத்து வெச்ச போன் அடிக்குது. டாக்டரா, செல்வி புருஷனான்னு திருப்பிப் பார்க்கக்கூட கை வரல.