நான் புகட்டிய இளநீர்

அண்ணே,

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் ஒரு பெட்டி தக்காளியைச் சாக்கின்மேல் கொட்டினேன். நசுங்கிய பழங்களின் புளித்த வாடை வந்தது. நல்லதைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

உனக்கு டயாலிசிஸ் தொடங்கிய புதிது. வீட்டில் படுத்தபடி, நீர் பிரியவில்லை என்று முனகிக்கொண்டே இருந்தாய். இளநீர் குடித்தால் பிரியும் என்பதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம். உன்னைச் சாய்த்து உட்காரவைத்து இரண்டு இளநீரை நானே புகட்டினேன். விடிந்தபோது உன்னால் காலைத் தூக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு சிஸ்டர் கேட்டார்: "நேத்து என்னம்மா குடுத்தீங்க?"

"கஞ்சிதான்."

"கஞ்சிக்கு பொட்டாசியம் இவ்ளோ ஏறாது."

மிஷின் விட்டுவிட்டு அடித்தது. ஊசியை ஏற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "கிட்னிக்குள்ள நூலு மாதிரி குழாய்ங்க நிறைய இருக்கு. ரத்தத்துல இருக்கற தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் முதல்ல அதுல இறக்கிடும். போகப்போக, வேணுங்கறத ரத்தத்துக்கே திரும்ப எடுத்துக்கும். கடைசிப் பக்கத்துல, ரத்தத்துல அதிகமா நிக்கற பொட்டாசியத்தைப் புடிச்சு வெளிய தள்ளும். இவருக்கு அந்தத் தள்ளற வேலை நின்னுபோச்சு. பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும்மா. என்ன குடுத்தீங்க, சொல்லுங்க."

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"எங்க பாப்பா தக்காளி கொட்டிப் பொறுக்கற மாதிரின்னு சொல்லுங்க" என்றாய், என்னைக் காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே. பிறகு, "நான்தான் சிஸ்டர். தெருமுனைல ரெண்டு எளநி வாங்கிக் குடிச்சேன்."

இளநீர் முழுக்கப் பொட்டாசியம்தான் என்று அவர் உன்னைத் திட்டித் தீர்த்தார். தலையாட்டி வாங்கிக்கொண்டாய். நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

அன்று பிழைத்தாய். மழைக்காலம் வரை இருந்தாய். நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அண்ணன் மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம், மிச்சமிருந்த உன் மாத்திரைகளைக் கொடுக்க வார்டுக்குப் போனேன். "எளநி நான் குடுத்தது சிஸ்டர்" என்றேன்.

"தெரியும்மா. கட்டிலை விட்டு எறங்கவே ரெண்டு ஆளு வேணும், அவரா தெருமுனைக்குப் போனாரு? நீங்க மருந்து வாங்கப் போனப்பவே சொல்லிட்டாரு. பாப்பாவ ஒண்ணும் கேட்டுடாதீங்க, ரெண்டு நாளைக்குச் சோறு திங்காதுன்னாரு."

திங்கிறேன் அண்ணே. ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை அந்த சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.