கப்பலில் ஒரே தண்ணீர்தான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கப்பல் பயணம் முடிந்து நானும் அம்மாவும் மாமாவும் அத்தையும் போன உடம்போடு வீடு வந்து சேர்ந்தோம், யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. நீயும் உன் கப்பலும் அதன் குழாய்களும் அதே போல நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகை ஆபீசில் இருந்த காலமெல்லாம் புதிதாக வந்தவர்களிடம் கத்தியவன் நான். இன்று அது நடக்கவில்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "பதிலை நான்தான் கடைசியில எழுதுவேன், நீங்க நடந்ததை மட்டும் வரிசையா எழுதுங்க, உங்க கருத்தெல்லாம் வேண்டாம்" என்பது உத்தரவு. எனக்கு இதுவரை வாய்த்த ஆசிரியர்களில் இவள்தான் கடுமையானவள், அதையும் எழுதக் கூடாதாம்.

கேள்வி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேள்வியை எழுதாமல் நடந்ததை எழுத எனக்குக் கை வராது. புதிதாகக் கட்டி முடித்திருக்கும் உல்லாசப் பயணக் கப்பலில் குடிதண்ணீர்ப் பொறுப்பு முழுவதும் உனக்கு என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, அம்மா மனதாரச் சரி என்று சொன்னால்தான் ஒப்புக்கொள்வேன் என்று நீ போனில் சொன்னாய். அம்மாவோ, அத்தனை பேர் வயிறும் என் பொண்ணு தலையில எதுக்கு, பேசாம என் தம்பியோட தண்ணிக் கம்பெனிக்கு வந்து உட்காரட்டும் என்றாள். மாமாவுக்கு அதில் அம்மாவைவிட ஆசை. கேனில் தண்ணீர் அடைத்து வீடு வீடாகப் போடுகிற மனிதருக்கு, தண்ணீரையே படிப்பாகப் படித்த அக்கா மகள் கிடைத்தால் கசக்குமா. கப்பல் குழாயில் வருவது கடல் தண்ணீர்தான், உப்பை மட்டும் உருவிவிட்டு ஊற்றுகிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து அம்மாவின் பயத்துக்கு உரம் போட்டுவிட்டுப் போவார். போய்க் குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று நீ மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்தே கப்பல் பயணச் சீட்டு அனுப்பினாய் பார், அந்த இடத்தில் நீ என் மகள். நாங்கள் ஏறியது உன் கப்பல் இல்லாவிட்டால் என்ன, அதே கம்பெனி, அதே முறை.

முதல் சண்டை கப்பலுக்குள் கால் வைப்பதற்கு முன்பே வந்தது. அம்மா தண்ணீர் காய்ச்சுகிற மின்கெட்டிலைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள், எனக்கே தெரியாது. சோதனை போடுகிற பெண் அதை வெளியே எடுத்து, சூடு பண்ற சாமான் எதுவும் அறைக்குள் கூடாது, தீப்பிடித்துவிடும், இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி எண் போட்ட ஒரு வில்லையைக் கையில் கொடுத்தாள். "அப்போ தண்ணிய எப்படிக் காய்ச்சறது?" என்று அம்மா கேட்டாள். "எதுக்கும்மா காய்ச்சணும்?" என்றாள் அந்தப் பெண். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். மாமாவின் கதை இன்னும் மோசம். தன் கம்பெனிப் பெயர் ஒட்டிய பாட்டில்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார், அதையும் எடுத்து வைத்துவிட்டார்கள். என் தண்ணியை என்கிட்ட இருந்தே பிடுங்கறீங்களே என்று அவர் நின்று புலம்பியபோது, "வாங்க, அது ஒண்ணும் பால் இல்ல திரிஞ்சு போறதுக்கு" என்று அத்தைதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அறை சின்னது, ஆனால் ஒழுங்கு. கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு குழாய், பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நான் அன்று மாலையே பிடித்துக் குடித்துவிட்டேன். நீச்சல் குளத்துப் பக்கம் போனால் வருமே, அந்த வாசம் துளி இருந்தது, கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் அதுவும் போய்விட்டது. மாமா கப்பலில் விற்கிற பாட்டிலை வாங்கினார், விலையைக் கேட்ட பிறகு மருந்து மாதிரி மூடியில் ஊற்றிக் குடித்தார். அம்மா டீயிலேயே வாழ்ந்தாள். டீ என்றால் கொதித்த தண்ணீர் அல்லவா, அதனால் காலை மாலை பாராமல் டீ. குளிக்கும்போது வாயை இறுக்க மூடிக்கொள்வதாகச் சொன்னாள். பல் தேய்த்துவிட்டு ஆறிப் போன டீயில் வாய் கொப்பளிப்பதை நான் கண்ணால் பார்த்தேன். "வெள்ளைப் பல்லு எல்லாம் பழுப்பாகி வீட்டுக்கு வரப் போற" என்று நான் சொன்னதற்கு, வயிறு வெள்ளையாக இருந்தால் போதும் என்றாள்.

நான் சும்மா இருப்பேனா. தண்ணீர்ப் பொறுப்பில் இருக்கிறவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வந்தவள் உன்னோடு பயிற்சியில் இருந்தவளாம், நீ அவளைக் கிராப்பு என்று கூப்பிடுவாயாமே, உன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நகரசபைக் கமிஷனரைக் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கரையை விட்டு நன்றாக விலகிய பிறகுதான் கடல் தண்ணீரை எடுக்கிறார்கள், துறைமுகத்து அழுக்குத் தண்ணீரைத் தொடுவதில்லை. எஞ்சின் சூட்டில் ஆவியாக்கிக் குளிரவைப்பது ஒரு வழி, மெல்லிய சவ்வு வழியாக அழுத்திப் பிழிவது இன்னொரு வழி. இரண்டிலும் வருகிற தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால் தாது உப்பு சேர்க்கிறார்கள், பிறகு குளோரின். கரையிலிருந்து ஏற்றினாலும் சோதனை முடியாமல் குழாய்க்கு விடுவதில்லை. கடைசிக் குழாய் வரைக்கும் குளோரின் போய்ச் சேர்கிறதா என்று கப்பலின் தூரத்து மூலையில் அளந்துகொண்டே இருக்கிறார்கள். உனக்கே இதை எழுதுவது வேடிக்கைதான், ஆனால் நீ எத்தனையோ தடவை சொன்னதை இப்போதுதான் நான் கண்ணால் பார்த்தேன். அத்தனையையும் அறைக்கு வந்து அம்மாவிடம் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, முதல்ல யாரு குடிச்சா?" என்றாள்.

மருத்துவமனைச் சமையற்கூடத்தை அம்மா நடத்திய விதம் உனக்குத் தெரியும். நோயாளிக்குச் சாப்பாடு போகும் முன்பு, சமைத்தவர் முதல் தட்டை அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டிலிருந்து தனக்கு டப்பா கட்டிக்கொண்டு வருகிற சமையல்காரரை அடுத்த மாதம் அங்கே பார்க்க முடியாது. சான்றிதழ், அளவு, சோதனை எதுவும் அவளுக்குப் பெரிதில்லை, அந்த ஒரு கேள்விதான். இவ்வளவு கேட்ட நான் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கப்பலில் சிலருக்கு வாந்தியும் பேதியும் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிற கரண்டிகளை எல்லாம் அகற்றிவிட்டுப் பணியாளர்களே பரிமாற ஆரம்பித்தார்கள். வாசலில் இரண்டு பேர் நின்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிசுபிசுவென்று தடவுகிற மருந்து மட்டும் போதாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நான் சொன்னேனாக்கா, சொன்னேனா? அத்தான் வேற குழாய்ல வாய வெச்சுக் குடிக்கிறாரு, ராத்திரிக்குள்ள பாரு" என்று என் வயிற்றுக்கு நாள் குறித்தார். அவர் ஒருவர் மட்டும் இல்லை. வரவேற்பு மேசையில் கூட்டம் கூடிவிட்டது, அந்தப் பக்கம் போன கிராப்பைப் பிடித்து நிறுத்தி ஆளுக்கு ஒன்று கேட்டார்கள், கனத்த குரல்காரர் ஒருவர் "உன்னை வேலைக்கு வெச்சவனைச் சொல்லணும்" என்றார். அவள் குரலை உயர்த்தாமல் பதில் சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அம்மா அதைத் தூணோரமாக நின்று பார்த்தாள். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "நாளைக்கு அந்த இடத்துல நம்ம பொண்ணு நிப்பா, இதே வார்த்தையைக் கேப்பா. வேண்டாங்க" என்றாள். உனக்கு என்ன எழுதுவது என்று அப்போதே மனதில் வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன், ஒரு வாக்கியமும் சரியாக வரவில்லை.

மறுநாள் மதியம் நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூடத்தின் கோடியில் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஒன்று உண்டு. கிராப்பு வந்தாள். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விட்டாள், சின்னக் குப்பியில் பிடித்தாள், ஏதோ பொடியைப் போட்டுக் குலுக்கினாள், தண்ணீர் இளஞ்சிவப்பானது, கருவியில் வைத்துப் பார்த்தாள், குப்பியைக் கொட்டிக் கழுவினாள். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தது. அந்தப் பெண் பக்கத்தில் அடுக்கியிருந்த டம்ளரில் ஒன்றை எடுத்தாள், அதே குழாயில் நிரம்பப் பிடித்தாள், மடமடவென்று குடித்தாள், இன்னும் அரை டம்ளர் பிடித்து அதையும் குடித்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாகம், குடித்தாள், அவ்வளவுதான். அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நேராக அவளிடம் போனாள், நானும் பின்னால் ஓடினேன். "நீங்க உங்க ரூம்ல என்ன தண்ணிம்மா குடிப்பீங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் கேள்வி விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு, "இதுதாம்மா. கேப்டன் குடிக்கிறதும் இதான், சமையல்கட்டுல குடிக்கிறதும் இதான், நானும் மாசக்கணக்கா இதையேதான் குடிக்கிறேன். இந்தக் கப்பல்ல வேற தண்ணி எங்க இருக்கு?" என்றாள்.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். மாமா தன் பாட்டில் தண்ணீரை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஏண்டா தம்பி, நீ உன் வீட்டுல என்ன தண்ணி குடிக்கிற?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அத்தை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எங்க வீட்டுல கேன் தண்ணியெல்லாம் கிடையாது அண்ணி, இவருக்கு அது ஒத்துக்காது. குழாய்த் தண்ணியக் காய்ச்சி ஆற வெச்சுத்தான்" என்றாள். நான் எத்தனையோ பேட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு குறைந்த கேள்வியில் இவ்வளவு பெரிய செய்தி வந்து நான் பார்த்ததில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் என் சூப்பைப் பார்த்தேன். "அது வந்துக்கா, பழக்கம்" என்று ஆரம்பித்தார். "நீ விக்கிறதை நீ குடிக்கிறதில்ல. அவ செய்யறதை அவ குடிக்கிறா. என் பொண்ணு எங்க இருக்கணும்னு நீயே சொல்லு" என்றாள் அம்மா. அவர் பாட்டில் மூடியைத் திருகி மூடினார். அம்மா போய் அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்தாள். முதலில் சூப்பை ருசி பார்ப்பது போல ஒரு வாய். நாக்கில் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு டம்ளரை வாயை விட்டு எடுக்கவே இல்லை. பாவம், எத்தனை நாள் தாகம். அடுத்த டம்ளர் அத்தை குடித்தாள். அதற்கடுத்தது யார் என்று நான் எழுத வேண்டாம், ஆனால் கப்பலில் பாட்டில் விற்கிறவருக்கு அன்றோடு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார்.

அந்த வயிற்று நோய் கையிலிருந்து கைக்குத் தொற்றுகிற வகை என்று பிறகு அறிவித்தார்கள், தண்ணீர் சோதனை சுத்தமாக வந்தது, நாங்கள் இறங்குவதற்கு முன்பே கரண்டிகளும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. கனத்த குரல்காரர் அடுத்த நாள் நீச்சல் குளத்தருகே கிராப்பைப் பார்த்ததும் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார், அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒன்றை மட்டும் என் கணக்கில் எழுதிவிடுகிறேன், அம்மா அந்த வரியை அடித்தால் அடிக்கட்டும். நான் பார்த்தது ஒரு கப்பல். ஒழுங்காக நடத்துகிற பெரிய கப்பலில் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம் என்று சொல்வேன், சின்னப் படகு என்றால் கேட்காமல் வாய் வைக்கமாட்டேன், இறங்கிச் சுற்றுகிற ஊர்களில் அந்தந்த ஊரைப் பொறுத்து. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுச் செய்தி. துணி துவைக்கிற இயந்திரம் மறுபடி ஒழுகுகிறது, பழுது பார்க்கிறவர் நாளை நாளை என்கிறார். மாடிப்படி விளக்கை மாற்றியாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் கப்பலில் நடந்ததில் தேவலை, டீக்கறை போவதற்குப் பல் மருத்துவரிடம் போய் வந்தாள், நான் கூடப் போய்ச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கெட்டில் பத்திரமாகத் திரும்பி வந்தது. மாமா வந்து இறங்கிய வாரமே தன் கம்பெனித் தொட்டிகளை எல்லாம் கழுவி, வடிகட்டிகளை மாற்றினார். அத்தை தங்கள் வீட்டுச் சமையலறையில் அவர் கேனையே கொண்டுவந்து வைத்துவிட்டாள், காய்ச்சுவது நின்றது, முதல் டம்ளர் தினமும் அவருக்குத்தான். நன்றாகத்தான் இருக்கிறது என்று நேற்று போனில் ஆச்சரியப்பட்டார். என்ன சந்தேகம் வந்தாலும் உன்னைக் கேட்கலாமா என்று கேட்கச் சொன்னார், மனது வைத்துப் பதில் சொல், அவரும் நம் மனிதர்தானே.

நீ எஞ்சின் அறைக்குப் போகும்போது காதுக்கு மூடி போடாமல் போகாதே, போனில் பேசும்போது நீ இரண்டு தரம் என்ன என்ன என்று கேட்டதை அம்மா கவனித்து வைத்திருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு. கிராப்புக்கு எங்கள் அன்பைச் சொல், யாராவது கத்தினால் அவள் நடந்த மாதிரி நட. நீ தொட்டதெல்லாம் துலங்கும், நீ நூறு வயது நன்றாக இருப்பாய் என்று இருவரும் வாழ்த்துகிறோம். பேனாவை அம்மா பிடுங்குகிறாள், கொடுத்துவிடுகிறேன்.

உன் பதவியை ஊர் முழுக்கச் சொல்லக் காத்திருக்கும்,
அப்பா

கண்ணு, யார் சொன்னதையும் வைத்து இல்லை, குடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். புதுக் கப்பலுக்குப் போ. முதல் டம்ளரை நீ குடி, அப்புறம் மற்றவர்களுக்குக் கொடு. அடுத்த பயணம் உன் கப்பலில்தான், கெட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.
அம்மா