சூப்ரண்டின் வயிறு

9-12-2001, ஞாயிறு

என் மீனுக்கு வயிறு வெடிக்கிற அளவுக்குத் தீனி போட்டிருக்கிறார்கள். இதுதான் நடந்த அநியாயம். முதலில் இதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

ஓசூர் கல்யாணம் முடிந்து மத்தியானம் வீடு வந்தேன். வெயிலே இல்லை. குளிர். செருப்பைக் கழற்றும்போதே தொட்டியைப் பார்த்தேன். சூப்ரண்ட் தண்ணீர் மட்டத்தில் மிதக்கிறான். வால் மேலே, தலை கீழே. (பழைய ஆபீஸ் சூப்பிரண்டெண்டுக்கு இருந்த அதே கன்னம், அதே தொந்தி. தங்கமீனுக்கு அந்தப் பேர் வந்தது அப்படி.) போய்விட்டான் என்றே நினைத்தேன். கண்ணாடியைத் தட்டினேன். செவுள் அசைந்தது.

தண்ணீர் கலங்கல். அடியில் தின்னாத தீனி, மெத்தை போட்டாற்போல. புது டப்பா பாதி காலி.

அண்ணன் மகன் முரளியைக் கேட்டால், கம்ப்யூட்டர் கம்பெனியே கதி என்று கிடக்கிறவனுக்கு என்ன தெரியும் என்கிறான். பொறுப்பை ஒப்படைத்துப் போனது அவன் பெண்டாட்டி செல்வியிடம். கோவில்பட்டிப் பெண். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்.

"நீங்க சொன்னபடிதான் அத்தை போட்டேன்" என்றாள்.

நான் சொன்னபடியாம்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு பசித்தது. ஒரு வாழைப்பழம்.

வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று. குழாயில் வருவதை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின்.

10, திங்கள்

பனி. எதிர் வீடு தெரியவில்லை. பஸ் பிடித்து சிவாஜிநகர் மீன்கடை. நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் நீல மருந்துப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். என்ன நோய் என்று கேட்டேன். எல்லாத்துக்கும் இதுதான் என்றார். மேலில் வெள்ளைப் புள்ளி இல்லை, பஞ்சு பிடிக்கவில்லை, துடுப்பு கிழியவில்லை. பிறகு எதற்கு மருந்து?

"அப்போ அது போச்சும்மா. வேற ஜோடி எடுத்துக்கோங்க, ரேட்டு பார்த்துப் போடறேன்."

மனுவைப் படிக்காமலே பதில் எழுதுகிறவர்களோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். வெறுங்கையோடு திரும்பினேன்.

நானே பார்த்தது:

வயிறு உருண்டை. இரண்டு பக்கமும்.
செதில் படிந்தே இருக்கிறது. (தூக்கி நின்றால் நம்பிக்கையில்லை.)
கழிவு கிடையாது.
கீழே போகத் துடுப்படிக்கிறான். விட்டதும் பந்து போல மேலே வருகிறான்.

முடிவு: மலச்சிக்கல். காய்ந்த தீனி உள்ளே ஊறி உப்பி, காற்றுப்பையை நெருக்குகிறது. குளிரில் ஜீரணம் வேறு மந்தம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் எடுத்த அட்டையில்லாத மீன் புத்தகம், என் இரண்டு கண்.

வைத்தியம்: பட்டினி. பாதித் தண்ணீர் மாற்றம். டப்பில் பேதி உப்பு கொஞ்சம் கரைத்து அதில் சூ.வைச் சற்று நேரம் விட்டேன். தொட்டிக்கு மேலே மேஜை விளக்கு, சூட்டுக்கு.

பட்டினி போடுவது ஒரு வைத்தியமா என்று முரளி கேட்டான். உனக்கும் போட்டிருந்தால் இந்தத் தொப்பை வந்திருக்காது என்றேன். சமையலறையில் செல்வி சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை.

11, செவ்வாய்

முன்னேற்றம் இல்லை. தண்ணீருக்கு வெளியே தெரியும் இடத்தில் தோல் காய்ந்து சிவந்திருக்கிறது. அது புண்ணானால் மீட்க முடியாது. பயம்.

சாயங்காலம் காய்கறி வாங்கி வந்தால், செல்வி தொட்டிப் பக்கத்தில். கை நிறையத் தீனி. போடுவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன். அழுதுவிட்டாள்.

"ஒரு சிட்டிகை போட்டாச் சாகும்னு நீங்கதான அத்தை சொன்னீக. ஆட்டோல ஏறிக்கிட்டே சொன்னீக. இப்ப ஒண்ணுமே போடாம இருந்தா?"

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. நான் சொன்னது, "ஒரு சிட்டிகை போட்டா சாகு." கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். அது கன்னடம் என்பதே எங்கள் வீட்டில் மறந்துபோய்விட்டது. சிட்டிகை போட்டால் செத்துவிடுமே என்று இவள் வேளைக்கு ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறாள். காப்பாற்றுகிறாளாம்.

என் மேல் தப்பில்லை. இந்தக் கன்னட ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த வார்த்தை தெரியும். அதையும் அவளிடம் சொன்னேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்ப நான் குழம்பு ஊத்தும்போதெல்லாம் சாகு, சாகுன்னு சொல்வீகளே, அதுவும் இதுதானா? என்னையத்தான் சாகச் சொல்றீகன்னு நினைச்சேன்."

மூன்று மாதமாக. தினமும் இரண்டு வேளை. அப்படி நினைத்துக்கொண்டே எனக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறாள்.

காபி போட்டேன். அவளுக்கும்.

12, புதன்

தள்ளுவண்டியில் பனிக்கால அவரைக்காய் மலை. தெரு முழுக்க அந்த வாசனை. எனக்கு வேண்டியது பச்சைப் பட்டாணி, மலம் இளக. வேகவைத்தேன். தோலுரித்து மசித்தது செல்வி, நகம் சின்னது, நன்றாக வருகிறது. காலையில் சூ. திரும்பியும் பார்க்கவில்லை. மத்தியானம் வாயில் வாங்கித் துப்பினான். சாயங்காலம் துப்பியதையே திரும்ப எடுத்தான். விழுங்கினான். இரண்டு பேரும் பார்த்தோம்.

13, வியாழன்

குளித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே செல்வி: "அத்தை, போயிட்டான்."

கையிலிருந்த சொம்பு விழுந்துவிட்டது. ஈரப் புடவையோடு ஓடினேன். போயிருக்கிறான், வெளிக்கு. அவன் நீளத்துக்கு, பச்சையாக. இனிமேல் முழு வாக்கியமாகப் பேசு என்று திட்டினேன். பேசுறேன் அத்தை என்று சிரிக்கிறாள்.

மத்தியானம் ஒரு தடவை அடி வரைக்கும் போனான். மேலே வந்துவிட்டான். மறுபடி போனான்.

14, வெள்ளி

நல்ல வெயில். இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நீந்துகிறான், ஆனால் தண்ணீருக்குள். தோல் சிவப்பு மங்கல். மீன்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்ட ஆசை. குளிர் போகட்டும்.

செய்ய வேண்டியவை:

முரளி: தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றுவது. இந்த ஞாயிறே. லீவு இல்லை என்ற பேச்சு வேண்டாம்.

முரளி: தண்ணீர்ச் சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர்.

நான்: தினம் இரண்டு வாளி பிடித்து வைப்பது. சிவப்பைப் பார்ப்பது.

செல்வி: தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுவது. சாவி அவளிடமே.

செல்வி: பட்டாணி. நாளை முதல் அவளே வேகவைத்து, அவளே உரித்து, அவளே போடுவது.

நான்: அவள் போடும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது.